குறைந்த பெறுபேறோடு மருந்தாளர் ஆகலாமா?

(உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த வாரத்தில், கீழ்ப்பிரிவுப் பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவழக்குச் சொற்கள் பலவற்றை அப்படியே விட்டிருக்கிறோம்.)

அந்தி நிறுவை முடிந்ததும் கூடையைக்கூட லயத்தில் வைக்காமல் நேரே இங்கு வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, பெறுபேறு வந்த நாளிலிருந்து முகம் வாடிப்போயிருக்கும் தம்பி தங்கச்சிமாரே, பின்னால் நிற்கிறவங்க முன்னுக்கு வாங்க, பாய் விரிச்சிருக்கு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவங்க சுவரோரமா உட்காருங்க.

இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, மூன்று பாடத்திலும் எஸ், அல்லது இரண்டு எஸ் ஒரு எப் என்று எடுத்த பிள்ளை பாமசி படித்து மருந்தாளர் ஆக முடியுமா? போன கிழமை மட்டும் ஐந்து வீட்டார் இதைக் கேட்டு என் ஒபிஸ் வாசலுக்கு வந்தார்கள். அதில் மூன்று பேரின் கையில் ஒரே துண்டுப்பிரசுரம். இன்னும் இரண்டு பேர் அதையே போனில் காட்டினார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் பிள்ளை சிரிக்கிறாள், பக்கத்தில் "பெறுபேறு ஒரு தடையல்ல, ஆறே மாதத்தில் பாமசிஸ்ட் ஆகலாம்" என்று எழுதியிருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்று பிரசுரத்தில் போடவில்லை. போன் எடுத்தால்தான் சொல்வார்களாம்.

இந்தப் பிரசுரத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் என்னுடைய பிழையும் இருக்கிறது.

2013ஆம் ஆண்டு வேறொரு தோட்டத்தில் நான் வேலை பார்த்தபோது, கவ்வாத்து வெட்டுகிற ஒரு அண்ணன் இதே மாதிரி ஒரு தாளோடு வந்தார். மகன் உயர்தரத்தில் இரசாயனவியலில் எப், மற்ற இரண்டும் எஸ். "ஐயா, இந்தப் படிப்புக்குப் பெறுபேறு பார்க்கிறதில்லையாம், மகன் மருந்துக் கடை ஐயாவாக வந்திருவானாம்" என்றார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. நான் என்ன செய்தேன்? ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கொடுக்கச் சொல்லிச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். கட்டணம் 65,000 ரூபா. கடன் போதாமல் அந்த அக்கா காதில் இருந்த தோட்டையும் அடகு வைத்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பையன் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழோடு வந்தான். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். டவுனில் உள்ள பாமசிக்கு வேலை கேட்டுப் போனபோது முதலாளி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, மருத்துவ சபைப் பதிவு இலக்கம் என்ன?"

அப்படி ஒரு இலக்கம் அவனிடம் இல்லை. அந்தப் படிப்பைப் படித்த யாருக்கும் இல்லை. அந்தக் கடன் இரண்டு வருடம் சம்பளத்தில் வெட்டுப்பட்டது. தோடு மூழ்கிப் போனது. அந்த அக்கா நெடுநாள் காதில் ஈர்க்குச்சியைச் சொருகிக்கொண்டு பெரட்டுக்கு வந்ததை நான் தினமும் பார்த்தேன். ஒரு நாளும் அவர்கள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அதனால்தான் இந்தக் கேள்வியை நான் பிறகு நாலு இடத்தில் விசாரித்துப் படித்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. விசாரித்து உறுதியானதைத்தான் சொல்கிறேன்.

முதலில், மருந்தாளர் என்றால் யார்? கவுண்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் எல்லோரும் மருந்தாளர் இல்லை. நம் நாட்டில் மருந்தாளர் என்று வேலை செய்ய, இலங்கை மருத்துவ சபையில் பெயர் பதிந்திருக்க வேண்டும். டாக்டர்மார் பதிகிற அதே சபைதான். 1980ஆம் ஆண்டிலிருந்து மருந்துகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2015இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது. பாமசிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது இந்த அதிகாரசபை. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவர் இல்லாமல் அந்த அனுமதி கிடைக்காது, அவருடைய மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்கவும் வேண்டும். ஆகவே கடை முதலாளிக்குத் தேவை சான்றிதழ் இல்லை, பதிவு. சுவரில் எத்தனை சட்டம் தொங்கினாலும் பதிவு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை உதவியாளர்தான். உதவியாளர் வேலை கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. மானமாக உழைத்துச் சாப்பிடலாம். ஆனால் அந்த வேலைக்குத் தோடு அடகு வைக்கத் தேவையில்லை, வேலையில் சேர்ந்தே பழகலாம்.

அப்படியானால் எந்தப் படிப்புக்கும் காசு கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "இதைப் படித்து முடித்தால் மருத்துவ சபை என் பிள்ளையைப் பதியுமா?" இந்தக் கேள்வியைப் படிப்பு நடத்துகிறவரிடம் கேட்காதீர்கள். அவர் ஆம் என்றுதான் சொல்வார். கொழும்பில் இருக்கிற மருத்துவ சபைக்கே பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் நான் இருக்கிறேன். பதில் கையில் வரும்வரை ஐந்து சதமும் கட்டவேண்டாம். "நாளையோடு பதிவு முடிகிறது" என்று போனில் அவசரப்படுத்துவார்கள். முடிந்தால் முடியட்டும்.

எல்லாத் தனியார் நிறுவனமும் ஏமாற்று என்று நான் சொன்னதாக வெளியில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நல்லதும் இருக்கும். எது நல்லது என்பதை அந்தக் கடிதம் சொல்லும்.

சரி, இப்போது பெறுபேற்றுத் தாளுக்கு வருவோம். போன கிழமை ஒரு அம்மா அழுதுகொண்டே வந்தார்கள். "ஐயா, எம் புள்ளைக்குக் கழித்தல் போட்டிருக்காங்க, பூச்சியத்தை விடக் கீழயா போயிருச்சு?" என்று. அது இசட் புள்ளி அம்மா. 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்க இந்த இசட் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். ஒரு பாடம் எழுதிய எல்லோருடைய புள்ளிகளுக்கும் ஒரு சராசரி இருக்கும் அல்லவா, அந்தச் சராசரிக்கு மேலே இருந்தால் கூட்டல், கீழே இருந்தால் கழித்தல். மூன்று பாடத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால் தாளில் வருகிற எண். கழித்தல் என்றால் பிள்ளை ஒன்றும் எழுதவில்லை என்று அர்த்தம் இல்லை. எஸ் எடுத்த பிள்ளைக்கும் கழித்தல் வரலாம்.

எஸ் என்பது சித்தி. இதை மறக்கவேண்டாம். மூன்று எஸ்ஸும், பொது அறிவுத் தாளில் 30 புள்ளியும் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிற தகுதி வந்துவிடும். ஆனால் ஒரு பாடத்தில் எப் இருந்தால் அந்தத் தகுதி இல்லை, மற்ற இரண்டும் ஏ ஆக இருந்தாலும் இல்லை. ஆகவே மூன்று எஸ் எடுத்த பிள்ளையும் இரண்டு சீ ஒரு எப் எடுத்த பிள்ளையும் ஒரே இடத்தில் இல்லை. நம் ஆட்கள் இரண்டையும் "குறைஞ்ச ரிசல்ட்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

தகுதி இருந்தால் இடம் கிடைத்துவிடுமா? பொய் சொல்ல மாட்டேன். பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு ஆகிய பல்கலைக்கழகங்களில் பாமசி நான்கு வருடப் பட்டம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் படித்த பிள்ளைகள் மருத்துவத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் அடுத்ததாகக் கண் வைக்கிற படிப்புகளில் அதுவும் ஒன்று. இடங்கள் கொஞ்சம். வெறும் மூன்று எஸ்ஸோடு அந்த வெட்டுப்புள்ளியைத் தொடுவது மிகக் கடினம்.

ஆனால் வெட்டுப்புள்ளி நாடு முழுவதற்கும் ஒன்று இல்லை. இங்கே தகப்பன்மார் கொஞ்சம் கவனமாகக் கேட்கவேண்டும். பெரும்பாலான படிப்புகளுக்கு 40 வீத இடம் நாட்டு மட்டத் திறமைக்கு, 55 வீதம் வரை மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்த 16க்குள் இருக்கின்றன. கண்டி இல்லை. மாத்தளை, கேகாலையும் இல்லை. அதோடு, பிள்ளையின் மாவட்டம் எது என்பதை நீங்கள் இருக்கிற லயத்தை வைத்து முடிவு செய்வதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் பெரும்பகுதி எந்தப் பாடசாலையில் படித்ததோ, அந்தப் பாடசாலை இருக்கிற மாவட்டம்தான் கணக்கு. நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளையை நல்ல பாடசாலை என்று கண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்தப் பிள்ளை கண்டிப் பிள்ளைகளோடு போட்டி போடவேண்டும். கொண்டுபோகவே கூடாது என்று சொல்லவில்லை. இங்கே இரசாயனவியலுக்கு ஆசிரியரே இல்லாத பாடசாலையில் வைத்திருந்து என்ன செய்வது? போகிறதென்றால் தெரிந்துகொண்டு போங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெறுபேறு வந்த பிறகுதான் இது தெரிந்தது. அன்றைக்குத் தகப்பன் பேசிய பேச்சை இங்கே சொல்ல முடியாது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

திரும்ப எழுதுவதைப் பற்றி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம். ஒரு தடவை உயிரியலில் நல்ல புள்ளி, அடுத்த தடவை இரசாயனவியலில் நல்ல புள்ளி என்று இரண்டையும் ஒட்டுப்போட முடியாது, மூன்றும் ஒரே அமர்வில் வேண்டும். அதனால் "சும்மா எழுதிப் பார்க்கிறேன்" என்று ஒரு தடவையை வீணாக்காதீர்கள். முதல் தடவை எந்தப் பாடம் காலை வாரியது, ஏன் வாரியது என்று பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு அநேகமாக இரசாயனவியலும் பௌதிகவியலும்தான். ஒரு வருடம் முழுக்க ஆசிரியர் இல்லாமல், பழைய மாணவன் ஒருவன் வந்து நோட்ஸ் கொடுத்துப் போன பாடம் அது. பிள்ளையின் மூளையில் கோளாறு என்று சாத்தவேண்டாம்.

விண்ணப்பத்தில் படிப்புகளை வரிசையாகப் போடும்போது பாமசியைப் போடவேண்டும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்து பாமசியையும் தனித்தனியாகப் போடவேண்டும். போடாத படிப்பு வராது. மருத்துவத்தை மட்டும் நாலு இடம் போட்டு விண்ணப்பத்தை அனுப்பிய பிள்ளையை நான் கண்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால்? இங்கே ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது இந்த மாவட்டத்தில் வேலை செய்கிறது. பெயர் சொல்லமாட்டேன், சொல்லக்கூடாது என்று கேட்டிருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு பாமசி ஆசை எப்படி வந்தது என்றால், அதன் பாட்டிக்குச் சீனி வருத்தம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைப் பைகளில் ஒன்றில் "டிடிஎஸ்" என்றும் இன்னொன்றில் "நொக்டே" என்றும் எழுதியிருந்தது. ஜன்னலில் இருந்தவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பாட்டிக்கு விளங்கவில்லை. இரவில் ஒன்று போடவேண்டிய மாத்திரையை மூன்று வேளையும் போட்டார்கள், மூன்று வேளை போடவேண்டியதை இரவில் மட்டும் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளை அப்போது பத்தாம் வகுப்பு. பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து "சேர், டிடிஎஸ் என்றால் என்ன?" என்று கேட்டது. எனக்கும் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயாவிடம் கேட்டுத்தான் சொன்னேன்: டிடிஎஸ் என்றால் நாளைக்கு மூன்று தடவை, பிடி என்றால் இரண்டு தடவை, நொக்டே என்றால் இரவில். லத்தீன் மொழியாம். நம் பாட்டிமாரின் மருந்துப் பையில் லத்தீன்!

2014இல் முதல் தடவை எழுதியது. உயிரியலும் இரசாயனவியலும் எஸ், பௌதிகவியல் எப். 2015இல் திரும்ப எழுதி உயிரியல் சீ, மற்ற இரண்டும் எஸ். இசட் புள்ளி கழித்தல்தான். விண்ணப்பம் போட்டது, பாமசி வரவில்லை. மூன்றாவது தடவை எழுதுவதா, வேறு வழி பார்ப்பதா என்று வீட்டில் ஒரு மாதம் சண்டை. தாய்க்குத் தேயிலை மலை, தகப்பன் இல்லை, கீழே இரண்டு தம்பிமார்.

அப்போதுதான் பயிலுனர் வழியைப் பற்றி விசாரித்தோம். பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிலுனராகப் பதிந்து, குறித்த காலம் வேலை பழகி, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்துகிற பரீட்சையில் சித்தியடைந்து, பிறகு மருத்துவ சபையில் பதிகிற வழி. நம் நாட்டில் நெடுங்காலமாகப் பாமசிகளில் இருக்கிற பழைய மருந்தாளர்களில் பலர் இப்படி வந்தவர்கள்தான்.

2016 ஆரம்பத்தில் பக்கத்து டவுனில் ஒரு கடையில் சேர்ந்தது. முதலாளி நல்லாப் பேசினார். "வேலையைப் பழகு மகள், பேப்பர் எல்லாம் நான் அனுப்புறேன்." ஏழு மாதம் போனது. காலை எட்டு மணிக்கு ஷட்டர் திறக்கிறதிலிருந்து இரவு பெட்டி இறக்குகிறது வரை வேலை. நான் ஒரு லீவு நாளில் கூடவே போய், அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "அனுப்பியாச்சு, பதில்தான் வரலை" என்றார். பிரதியும் இல்லை, தபால் துண்டும் இல்லை. பிறகு தெரிந்தது, அந்தக் கடையின் அனுமதிப்பத்திரத்தில் பெயர் இருக்கிற மருந்தாளர் வேறு ஊரில் இருக்கிறார், மாதத்துக்கு ஒரு தடவைதான் வந்து போகிறார். ஏழு மாதமும் கணக்கில் இல்லை. கடை உதவியாளருக்கு ஏழு மாதம் குறைந்த சம்பளம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் "சேர், பேப்பரில் பதியாத வேலை வேலையே இல்லையா?" என்று கேட்டது. எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. தோட்டத்தில் பெயர் போடாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதை நாம் பரம்பரையாக அறிந்தவர்கள், அதையே டவுனில் மறந்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்ததாக ஒரு பெண் மருந்தாளர் கிடைத்தார். அவரே கடைக்குள் நின்று வேலை செய்கிறவர். பிள்ளை சேர்ந்த அதே கிழமை படிவத்தை நிரப்பி, கையெழுத்து வைத்து, தபால் துண்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். கை வேலையைவிடப் புத்தக வேலை கடினமாக இருந்தது. பாட நூல்கள் எல்லாம் ஆங்கிலம். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம். கொப்பியில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ் என்று மருந்துப் பெயர்களை எழுதி வைத்தது. கொழுந்துச் சாக்கு அளவுக்குக் கொப்பி சேர்ந்தது என்று தாய் சொல்லுவார். 2018இல் பரீட்சை எழுதி செய்முறையில் தவறிவிட்டது. 2019இல் சித்தி. அதன் பிறகு பதிவு இலக்கம் வந்தது.

இன்றைக்கு அந்தப் பிள்ளை மாத்திரைப் பையில் தமிழிலும் எழுதிக் கொடுக்கிறது: "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு." கிழவிமார் வேறு கடையைத் தாண்டி அங்கே போவதைப் பார்த்திருக்கிறேன்.

இது 2016 முதல் 2019 வரை நடந்த கதை. நிபந்தனைகள் மாறும். இன்று பயிலுனராகச் சேர நினைக்கிற பிள்ளை, என்னென்ன பாடத்தில் சித்தி வேண்டும், எவ்வளவு காலம், அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் எப்போது என்பதை மருத்துவக் கல்லூரிச் சபையிடமும் மருத்துவ சபையிடமும் கேட்டுவிட்டுத்தான் அடி வைக்கவேண்டும். அந்தப் பிள்ளை செய்தது அப்படியே உங்களுக்கும் நடக்கும் என்று எண்ணவேண்டாம்.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுகாதார அமைச்சு காலத்துக்குக் காலம் மருந்தாளர் பயிற்சிக்கு ஆட்களைச் சேர்க்க வர்த்தமானியில் அறிவித்தல் போட்டிருக்கிறது. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு, அதனால் போட்டியும் உண்டு. தகுதி, வயதெல்லை எல்லாம் அந்தந்த அறிவித்தலில் இருக்கிறபடிதான். வயதெல்லை இருப்பதால் மூன்று தடவை பரீட்சை எழுதி முடித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருப்பது புத்தி இல்லை. திறந்த பல்கலைக்கழகத்திலும் பாமசிப் பட்டம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கிற ஆட்களுக்கு அது பொருந்தும், கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் அவர்களுடைய பிராந்திய நிலையம் இருக்கிறது. ஆனால் கட்டணம் உண்டு, படிப்பு ஆங்கிலத்தில்.

இந்தியாவுக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் டிப்ளோமா இரண்டு வருடம், பட்டம் நான்கு வருடம். குறைந்த பெறுபேற்றுக்கும் இடம் எடுத்துத் தருகிறோம் என்று தரகர்மார் வருவார்கள். இடம் கிடைக்கலாம். திரும்பி வந்து இங்கே பதிய முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கும் அதே கடிதம்தான், அந்தக் கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் எழுதி, போவதற்கு முன்னால். பிளேன் டிக்கட் எடுத்த பிறகு இல்லை.

பணத்துக்கு உதவி தேடுகிறவர்கள், இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தை மறக்கவேண்டாம். கண்டியில் இருக்கிற இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் வழியாக நடக்கிறது. உயர்தரமும் பல்கலைக்கழகமும் படிக்கிற தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுத்து வந்திருக்கிறார்கள். பத்திரிகையில் அறிவித்தல் வரும். நமது ஆட்கள் அதைக் கடலை சுற்றின தாளில் பார்க்கிறார்கள், திகதி முடிந்த பிறகு.

இன்னும் ஒன்று. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ். பிள்ளை பிறந்தபோது தோட்டத்தில் பதிந்த பெயர் ஒன்று, பாடசாலையில் சேர்த்தபோது மாஸ்டர் எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வந்த பெயர் இன்னொன்று. தகப்பன் பெயரில் ஓரிடத்தில் "முத்தையா", இன்னோரிடத்தில் "முத்தய்யா", ஆங்கிலத்தில் வேறு எழுத்து. பெறுபேற்றுத் தாளில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருந்தால், பல்கலைக்கழகமானாலும் மருத்துவ சபையானாலும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். திருத்தம் செய்ய மாதக்கணக்கு எடுக்கும். நான் சொன்ன பிள்ளைக்குக்கூடத் தாயின் பெயரில் ஒரு எழுத்துக்காக மூன்று தடவை பிரதேச செயலகத்துக்கு நடந்தோம். ஒவ்வொரு தடவையும் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போனது. ஆகவே பெறுபேறு குறைந்ததோ கூடியதோ, இன்று ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளைகளின் பெற்றோரும் பாருங்கள், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கேள்வி நேரத்தில் மேல்பிரிவு அம்மா ஒருவர் கேட்டதையும் இங்கே எழுதச் சொன்னார்கள். "ஐயா, எம் மகளுக்கு இரசாயனவியல் எப். இனி பாமசி பேச்சே வேணாமா?" என்றார். அம்மா, இரசாயனவியல் இல்லாமல் மருந்தாளர் ஆகிற வழி எனக்குத் தெரியவில்லை. மருந்தே இரசாயனவியல்தான். மகள் எத்தனை தடவை எழுதியிருக்கிறாள்? ஒரு தடவைதானே. அப்படியென்றால் இன்னும் இரண்டு இருக்கிறது. அவளுக்கு ஆசை மருந்திலா, அல்லது வெள்ளைக் கோட்டிலா என்று மட்டும் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். மருந்தில் என்றால் ஒரு வருடம் விடுங்கள், இரசாயனவியலுக்கு ஹட்டனில் வகுப்புத் தேடுவோம். கோட்டில் என்றால் தாதியர் பயிற்சி உட்பட வேறு வழிகளும் இருக்கின்றன. அதற்கும் விஞ்ஞானப் பாடம் கேட்பார்கள், அதை இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

மருத்துவ சபைக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஒரு மாதிரியாக எழுதிப் பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர், படிப்பின் பெயர், உங்கள் பெயர் விலாசம் மட்டும் நிரப்பினால் போதும். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நான் ஒபிஸில் இருப்பேன். பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் கொண்டுவாருங்கள். அந்தத் துண்டுப்பிரசுரம் வைத்திருக்கிற மூன்று வீட்டாரும் கட்டாயம் வரவேண்டும், சனிக்கிழமைக்கு முன்னால் யாருக்கும் முற்பணம் கட்டிவிடாதீர்கள். பிள்ளை மடுவத்து அக்கா தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறாங்க, ஆற முன்னம் குடிச்சிட்டுப் போங்க.